ஒழுகுவது ஓரிடம், ஓட்டை வேறிடம்

கேள்வி: "எங்களுடையது அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. இரண்டு சதுரம் வரும். கட்டி முப்பது வருடம் ஆகப்போகிறது. நான்கு வருடமாக மழைக்கு ஒழுகுகிறது. ஒவ்வொரு வருடமும் கொத்தனாரை வைத்து மாடியில் சிமென்ட் பூசுகிறோம். அந்த வருடம் தாங்குகிறது. மறு வருடம் பக்கத்தில் ஒழுகுகிறது. விதை உளுந்து, உர மூட்டை, வத்தல் எல்லாம் அதே அறையில்தான் இருக்கின்றன. போன ஐப்பசியில் ஒரு மூட்டை உளுந்து பூசணம் பிடித்துவிட்டது. இந்த மழைக்கு முன்னால் என்ன செய்யலாம்? வீட்டு விஷயத்தை விவசாய அதிகாரியிடம் கேட்கிறேனே என்று தவறாக நினைக்க வேண்டாம்."
- ஒரு வாசகி, ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்.

பதில்: தவறே இல்லை அம்மா. நம் பக்கத்துச் சம்சாரிக்கு வீடுதான் கிட்டங்கி, அதுதான் விதை அறை, அதுதான் உரக் கடை. கரிசல் காட்டில் புரட்டாசிப் பட்டத்துக்கு விதையை எடுத்து வைக்கும் நேரமும், கூரை ஒழுகத் தொடங்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அதனால் கூரை ஒழுக்கு என்பது கொத்தனார் வேலை மட்டுமல்ல, விவசாய வேலையும்தான். நான் பொறியாளர் இல்லை. முப்பது வருடம் கிராமத்து வீடுகளில் ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்டதையும், ஒன்றியப் பொறியாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் ஊரில் 1970-ஆம் ஆண்டிலிருந்து அரசு சிமென்ட் ஆலை இருக்கிறது. சிமென்ட் வாசனையிலேயே வளர்ந்த ஊர். எந்த நோய்க்கும் சிமென்ட்தான் மருந்து என்று நினைப்பது இயல்பு. என் அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வருடத்துக்கு இரண்டு மூட்டை சிமென்ட் வாங்கி, ஒழுகுகிற இடத்துக்கு நேர் மேலே பூசிவிடுவார். ஆறாவது வருடம் தளம் நடுவில் தொய்ந்து, கீழ்ப்பூச்சு ஒரு பாளமாகப் பெயர்ந்து குலுக்கை மேல் விழுந்தது. ஆள் மேல் விழாதது எங்கள் அதிர்ஷ்டம்.

ஏன் அப்படி ஆனது? கணக்கைப் பாருங்கள். ஒரு சதுரத்துக்கு ஒரு அங்குல கனத்தில் சிமென்ட் கலவை பூசினால் ஏறக்குறைய 470 கிலோ எடை கூடும். நீங்கள் வருடத்துக்கு அரை அங்குலம் வீதம் நான்கு வருடம் முழு மாடிக்கும் பூசியிருந்தால், இரண்டு சதுரத்துக்கு ஏறக்குறைய 1,900 கிலோ. அதாவது நாற்பது மூட்டை சிமென்டை மாடியில் நிரந்தரமாக அடுக்கி வைத்த மாதிரி. கட்டிய காலத்தில் அந்தத் தளத்துக்கு இந்தச் சுமையைக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார்கள். மேலும், மெல்லிசான சிமென்ட் பூச்சு வெயிலில் காய்ந்து சுருங்கி, அதுவே மயிர்க்கோடு மயிர்க்கோடாக வெடிக்கும். புது வெடிப்பு, புது ஒழுக்கு. நீங்கள் எழுதியிருக்கும் "பக்கத்தில் ஒழுகுகிறது" என்பதற்குக் காரணம் இதுதான்.

முதல் வேலை: ஆளுக்கு ஆபத்து உண்டா?

ஒழுக்கை அடைக்கும் யோசனைக்கு முன்னால், இன்றைக்கே வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பாருங்கள். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அந்த இடத்துக்குக் கீழே கட்டில் போடாதீர்கள், பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

1. கீழ்ப்பூச்சு பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது.

2. கம்பி ஓடும் திசையில் நீளமாக வெடிப்பு. அதில் செம்பழுப்பு நிறக் கறை.

3. தளம் நடுவில் தொய்ந்திருக்கிறது. சுவருக்குச் சுவர் ஒரு நூல் கட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

4. ஒரு குச்சியால் தட்டினால் "டொக் டொக்" என்று வெற்றுச் சத்தம் வருகிறது.

தண்ணீர் உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு கம்பியை விடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அது உள்ளிருந்து கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இந்த நிலையில் கீழே இருந்து சிமென்ட் அப்பி மறைப்பது நோயை மூடி வைப்பது. பெயர்ந்ததை உதிர்த்து, கம்பியைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, அதற்கென உள்ள பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி பாதியாக இளைத்திருந்தாலோ, தளம் தொய்ந்திருந்தாலோ கொத்தனார் சொல்லை மட்டும் நம்பாமல் ஒரு பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

மின்சாரத்தையும் மறக்காதீர்கள். மின்விசிறிக் கொக்கி, பல்பு ஹோல்டர், சுவிட்சு பெட்டி வழியாகச் சொட்டினால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடக்கூடாது.

இரண்டாவது வேலை: விதையும் உரமும்

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு சம்சாரி வீட்டில் விதை நேர்த்தி சொல்லிக்கொடுக்கப் போனேன். விதை மூட்டை சுவரை ஒட்டி இருந்தது. சுவரில் ஓதம் ஏறியிருந்தது கண்ணில் பட்டும், நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து கலக்கும் அளவைச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு ஏக்கரில் விதைத்தார், பாதிகூட முளைக்கவில்லை. மழை போன பிறகு மறு விதைப்புக்கும் வழியில்லை. மருந்தைப் பார்த்தேன், மூட்டையைப் பார்த்தேன், கூரையைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

நீங்கள் செய்ய வேண்டியது:

மூட்டைகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, பலகை அல்லது பனங்கட்டை மேல் அடுக்குங்கள். மேலே தார்ப்பாய் போடலாம். ஆனால் நான்கு பக்கமும் இறுக்கி மூடாதீர்கள். உள்ளே வியர்த்து, அந்த ஈரமே பூசணத்துக்குப் போதும்.

விதை உளுந்தின் ஈரப்பதம் 9 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பல்லில் கடித்தால் நசுங்காமல் "டக்" என்று உடைய வேண்டும். காய வைத்து, சின்ன அளவு விதை என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் வைத்துவிடுங்கள்.

விதைப்பதற்கு ஒரு வாரம் முன்பு 100 விதையை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். ஒரு வாரத்துக்குள் 75-க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதையை நம்பி நிலத்தில் இறங்காதீர்கள். உழவுக் கூலியும் மழையும் வீணாகும்.

பூசணம் பிடித்த உளுந்து, மக்காச்சோளம், நிலக்கடலையை "மாட்டுக்காவது ஆகட்டும்" என்று போடாதீர்கள். சில பூசணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும்; கறவை மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் இறங்கும். வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. வத்தலுக்கும் இதே எச்சரிக்கைதான்.

யூரியா மூட்டை மேல் சொட்டுகிறது என்றால் உடனே இடம் மாற்றுங்கள். உரம் கட்டி தட்டுவது இரண்டாம் பட்சம். கரைந்து தரையில் ஓடும் யூரியா நீரை ஆடு, மாடு நக்கினால் உயிர் போகும். குடித்துவிட்டது என்று தெரிந்தால் வீட்டு வைத்தியம் பார்த்து நேரம் கடத்தாமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது வேலை: ஓட்டையைக் கண்டுபிடிப்பது

பணம் செலவழிக்கும் முன் செய்ய வேண்டியது இது. பெரும்பாலோர் தவறவிடுவதும் இதுதான். தண்ணீர் உள்ளே நுழைகிற இடம் ஒன்று. அது கான்கிரீட்டுக்குள் வெடிப்பு வழியாக ஊர்ந்து, கம்பி வழியாக நகர்ந்து, தாழ்ந்த இடத்தில் வந்து சொட்டும். நடுவீட்டில் சொட்டினால் ஓட்டை கைப்பிடிச் சுவர் ஓரத்தில் இருக்கலாம்.

மாடியில் ஏறி இந்த இடங்களை வரிசையாகப் பாருங்கள்: மழைநீர் வெளியேறும் குழாயின் வாய், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தண்ணீர்த் தொட்டியின் அடி, டிஷ் ஆன்டெனாவுக்கோ கொடிக்கம்பிக்கோ போட்ட துளை, மேல் அறை கட்ட விட்டு வைத்த கம்பிகளின் அடி, தட்டோட்டின் இணைப்பு, சுவர் வெடிப்பில் முளைத்த அரசு, ஆல் கன்று. கன்றை மேலோடு பிடுங்கினால் வேர் உள்ளே நின்று மறுபடி தழைக்கும். வேர் வரை கொத்தி எடுத்துத்தான் அடைக்க வேண்டும்.

பார்த்தும் தெரியவில்லை என்றால், மழை இல்லாத நாளில் ஒரு சோதனை செய்யுங்கள். ஒருவர் வீட்டுக்குள் நிற்கட்டும். இன்னொருவர் மாடியில் தாழ்வான பக்கத்திலிருந்து தொடங்கி, ஒரு இடத்துக்கு அரைமணி நேரம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விடட்டும். ஒரு இடம் முடிந்து, கீழே ஈரம் தெரியவில்லை என்றால் அடுத்த இடம். எந்த இடத்தில் விடும்போது கீழே ஈரம் காண்கிறதோ அங்கே சாக்பீஸில் வட்டம் போடுங்கள். மாடி முழுவதும் தண்ணீர் தேக்கிச் சோதிப்பவர்கள் உண்டு. தளம் தளர்ந்த பழைய வீட்டுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

நான்காவது வேலை: தண்ணீருக்கு வழி விடுவது

தூத்துக்குடி மாவட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. உங்கள் 200 சதுர அடி மாடியில் அப்படி ஒரு மழை பெய்தால் 17,500 லிட்டர் தண்ணீர் விழும். அவ்வளவு வேண்டாம், சாதாரணமாக நாம் பார்க்கும் 10 சென்டிமீட்டர் மழைக்கே 1,850 லிட்டர். குழாய் வாயில் வேப்பிலையும் ஒரு பாலித்தீன் பையும் அடைத்துக்கொண்டால் அத்தனையும் மாடியில் குளமாக நிற்கும். நிற்கிற தண்ணீர் எந்தப் பூச்சையும் ஒரு நாள் தோற்கடிக்கும்.

கீழடி அகழாய்வில் கிடைத்த கூரை ஓடுகளில், மழைத் தண்ணீர் வழிந்து இறங்க விரலால் இழுத்த வரிப் பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னாலேயே, தண்ணீரைத் தடுத்து நிறுத்துவதைவிட இறங்க வழி விடுவது மேல் என்று ஓடு செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆகவே முதலில் குழாய் வாயைச் சுத்தம் செய்து, வலை போடுங்கள். அடுத்து வாட்டம் பாருங்கள். 10 அடி நீளத்துக்கு ஒன்றேகால் அங்குலமாவது குழாயை நோக்கிச் சரிவு இருக்க வேண்டும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்தும் எங்கே தண்ணீர் நிற்கிறதோ அங்கே வாட்டம் தப்பு.

பிறகுதான் பூச்சு. வெடிப்பை மேலோடு பூசாமல், அரை அங்குலத்துக்குக் கொத்தி அகட்டி, தூசியை ஊதித் துடைத்து, வெடிப்பு அடைக்கும் பசை அல்லது பாலிமர் கலந்த கலவையை உள்ளே இறங்கும்படி நிரப்ப வேண்டும். மூலைகளில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் கூர் மூலை இல்லாமல் சரிவாகக் கலவை வைத்து வளைக்க வேண்டும். அதெல்லாம் காய்ந்த பிறகு நீர்க்காப்புப் பூச்சை இரண்டு கோட் அடிக்கலாம். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால், அடுத்தது வடக்கு தெற்காக. ஈரத் தளத்தில் அடித்தால் உரிந்துவிடும். டப்பாவில் எழுதியிருக்கும் காயும் நேரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே பூசிய பழைய சிமென்ட் அடுக்கு தட்டினால் வெற்றுச் சத்தம் வருகிறது என்றால், அதைச் செதுக்கி இறக்கிவிட்டு மேற்படி வேலையைச் செய்யுங்கள். அதன் மேலேயே இன்னொரு அடுக்கு வேண்டாம். செதுக்கும்போது சம்மட்டி போட்டு அடிக்கக்கூடாது, தளம் அதிரும்.

வீடு வீடாக வந்து "பத்து வருட கேரண்டி" என்று சொல்கிறவர்களிடம் வேலையை எழுதி வாங்குங்கள். எத்தனை சதுர அடி, என்ன பொருள், எத்தனை கோட் என்று இருக்கட்டும். கூலியில் ஒரு பங்கை ஒரு நல்ல மழை பார்த்த பிறகு தருகிறேன் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அரசு உதவி உண்டா?

2000-2001-ஆம் ஆண்டுக்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்க, 2024-இல் தமிழ்நாடு அரசு ரூ.2,000 கோடியில் 2.5 லட்சம் வீடுகளுக்கான திட்டத்தை அறிவித்தது. உங்கள் வீடு முப்பது வருடத்தை நெருங்குவதால் இந்த வகைக்குள் வர வாய்ப்பு இருக்கிறது. குடிசையில் இருப்பவர்களுக்கு, வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் மதிப்பில் கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் அதே ஆண்டில் தொடங்கியது. பட்டியலில் உங்கள் வீடு இருக்கிறதா, இப்போது நிதி ஒதுக்கீடு இருக்கிறதா என்பதை ஊராட்சிச் செயலரிடமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் கேளுங்கள். வீட்டு ஒப்படைப்பு ஆவணம், வீட்டு வரி ரசீது, பழுது தெரியும்படி எடுத்த புகைப்படம் மூன்றையும் கொண்டு போங்கள். யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டியதில்லை.

மழையில் கூரையோ சுவரோ இடிந்தால், அன்றைக்கே புகைப்படம் எடுத்துக் கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் தெரிவியுங்கள். அப்புறப்படுத்தி, கழுவி, பூசிய பிறகு சொன்னால் சேதத்தைப் பதிவு செய்வது கஷ்டம். ஆபத்து நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. மாநில எண் 1070.

இதே விஷயமாக வந்த மற்ற கேள்விகள்

கேள்வி: "ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் சீமை ஓட்டு வீடு. குரங்கும் மயிலும் ஓட்டைத் தள்ளிவிடுகின்றன. எத்தனை தடவை மாற்றுவது?"

பதில்: உடைந்த ஓட்டை மாற்றுவதோடு, வரிசைக்கு வரிசை ஓடுகளைக் கம்பியால் ரீப்பரோடு கட்டிவிடுங்கள். முகட்டு ஓட்டின் பூச்சு வெடித்திருந்தால் அதுதான் பாதி ஒழுக்குக்குக் காரணம். பெயர்த்துப் புதிதாகப் பூசுங்கள். கூரைக்கு மேல் சாய்ந்த புளி, வேம்பு, மாங்கிளைகளை ஆவணிக்குள் கழித்துவிட்டால் குரங்கு இறங்கும் வழியும் குறையும், இலையும் சேராது. சட்டத்திலும் ரீப்பரிலும் கரையான் மண் தெரிந்தால் ஓட்டைத் தொடுவதற்கு முன் மரத்தைப் பாருங்கள். ஈர ஓட்டில் ஏறாதீர்கள்; காய்ந்த பிறகு பலகை போட்டு, அதன் மேல் கால் வைத்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: "மாட்டுக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். போல்ட் வழியாகத் தண்ணீர் வருகிறது. மேலே ஏறித் தார் ஊற்றலாமா?"

பதில்: ஷீட் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள். பழைய ஷீட் சொல்லாமல் உடையும். ஏறியவர் உள்ளே விழுவார். ஏணியையும் பலகையையும் சட்டத்துக்கு நேராகப் போட்டுத்தான் ஏற வேண்டும். பெரும்பாலும் போல்ட்டின் அடியில் உள்ள ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருக்கும். அதை மாற்றினால் போதும். ஷீட்டின் மேடான வரியில்தான் போல்ட் இருக்க வேண்டும். பள்ளத்தில் துளை போட்டிருந்தால் எத்தனை தார் ஊற்றினாலும் ஒழுகும். மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் அரையடியாவது ஏறியிருக்க வேண்டும். அறுப்பது, துளைப்பது என்றால் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொண்டு, மூக்கை மூடிச் செய்யுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். மாட்டையும் தீவனத்தையும் முதலில் வெளியேற்றிவிடுங்கள்.

கேள்வி: "மண் சுவர் வீடு. கூரை நன்றாக இருக்கிறது. சாரலில் சுவர் ஊறுகிறது. பயமாக இருக்கிறது."

பதில்: பயப்பட வேண்டிய விஷயம்தான். மண் சுவர் அடியில் ஊறினால் சத்தமில்லாமல் சரியும். மழை விட்டு வெயில் அடிக்கும்போதும் சரியும். கூரை விளிம்பை இரண்டு அடி வெளியே நீட்டி விடுங்கள். சுவரைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீர் வெளியே ஓட வாய்க்கால் வெட்டுங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தாலோ, கீழே மண் உதிர்ந்தாலோ அடைமழை இரவுகளில் பள்ளிக்கூடத்திலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்கிக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்த மாதம் எந்த வேலை?

ஆலங்குளம் சகோதரிக்கு மீண்டும் வருகிறேன். ஐப்பசி அடைமழைக்கு இன்னும் சில வாரமே இருக்கிறது. அதற்குள் எல்லாம் முடியாது. முடியாததை அவசரமாகச் செய்து பணத்தை வீணாக்கவும் வேண்டாம். இந்த வாரம் கட்டிலையும் மூட்டையையும் இடம் மாற்றுங்கள், குழாய் வாயைத் திறந்துவிடுங்கள், முளைப்புச் சோதனை போடுங்கள். நாலு நாள் நல்ல வெயில் கிடைத்தால் தெரிந்த வெடிப்பை மட்டும் அடைத்து, மாடிக்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி விழும்படி தார்ப்பாய் இழுத்துக் கட்டுங்கள். மழைக்காலத்தில் எங்கே, எந்த மழைக்கு, எவ்வளவு நேரத்தில் சொட்டுகிறது என்று சுவரில் தேதியோடு குறித்து வையுங்கள். மழை பெய்த உடனே சொட்டினால் ஓட்டை பக்கத்தில்; விட்டு வெகுநேரம் கழித்துச் சொட்டினால் எங்கோ தேங்கி ஊறி வருகிறது. அந்தக் குறிப்பு எந்தக் கொத்தனாருக்கும் பாதி வேலையைக் குறைத்துக் கொடுக்கும். முழுப் பராமரிப்பைப் பங்குனி, சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்.

அதுவரை வருடம் தோறும் சிமென்டுக்குப் போடும் பணத்தை இந்த வருடம் போடாமல் எடுத்து வையுங்கள். கம்பி தெரிகிறதா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தெரிந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் ஒன்றியப் பொறியாளரைப் பார்த்துவிடுங்கள்.

அடுத்த இதழில்: மழைக்குப் பிறகு உளுந்தில் மஞ்சள் தேமல், பருத்தியில் வேரழுகல் பற்றி வந்த கேள்விகளைப் பார்ப்போம்.